குழாய் வழவழப்புக்கு நானோ வெள்ளியா?

போன கோடையில் வாழைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைக் கழற்றினேன். சளி மாதிரி வழவழன்னு வந்தது. நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிய படலம். ‘நானோ வெள்ளிக் கரைசல் விடுங்க, போயிடும்’ என்றார் கடைக்காரர். போகலாம்தான், வெள்ளித் துகளிலிருந்து கசியும் அயனி பாக்டீரியாவைக் கொல்லும். ஆனா அந்தத் தண்ணி போய்ச் சேருவது வேரடிக்குத்தானே? அங்கே சூடோமோனாஸ் வேரில் ஒட்டி நிற்பதே இதே மாதிரிப் படலம் கட்டித்தான். காசு கொடுத்து வாங்கி விட்டதை நாமே கொல்லவா? வெள்ளி மட்கிப் போகிற பொருளும் இல்லை.

தப்பு என்னுடையது. ஜீவாமிர்தத்தைச் சரியா வடிகட்டலை. வெல்லமும் பயறு மாவும் குழாயில் தங்கினால் படலத்துக்கு விருந்துதான். இப்போ இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுறேன். விட்டு முடிச்சதும் வெறும் தண்ணி ஓடணும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து அலசுறேன். முதுகு வலிக்குது, ஆனா கடைசி வாழைக்கும் தண்ணி சொட்டுது.