செவிலியரின் கைப்பழக்கம்

இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவமனையை அவ்வட்டாரத்து முதியோர் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே வழங்கி வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த இடமே பின்னர் மருத்துவ நிலையமாக வளர்ந்தது. 1938-இல் அங்கு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் அருகே நின்றவரும், எண்ணூர்க் கழிமுகத்து மீனவரும் நோயுற்ற காலத்து நாடிய இடம் அது. இன்றும் நாடுகின்றனர்.

மாணவர்களே! இத்தகைய மருத்துவமனைகளிலேதான் இளஞ்செவிலியர் தம் தொழிலைக் கற்கின்றனர். அவர்கள் எவ்வாறு கற்பது நன்று என்னும் வினா, படுக்கையில் கிடப்பவரையும் பற்றியது அன்றோ? மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறிய வள்ளுவர், அருகிருந்து மருந்து தருவோனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. அக்காலம் முதல் நெடுநாள் வரை, மூத்தவர் செய்வதைக் கண்டு தாமும் செய்வதே பயிற்சியாக இருந்தது. குறித்த வார்டில் குறித்த மணி நேரம் நின்றால் கற்றதாகக் கொண்டனர். இம்முறை சிறந்த செவிலியர் பலரை உருவாக்கியதை யான் மறுக்கவில்லை. ஆயினும் முதன்முறை ஊசி பிடித்து நடுங்கும் மாணவியின் எதிரே நீட்டப்படுவது யாருடைய கை? பெரும்பாலும் ஓர் ஏழைத் தொழிலாளியின் கை. அவர் உடலே முதற் பாடப்புத்தகம் ஆதல் அறமாகாது.

தசையில் இடும் ஊசியை 90 பாகையில் செலுத்த வேண்டும் என்பதை நூலில் ஒரு நொடியில் படித்துவிடலாம். கை அதனை அறிவதற்கு நாளாகும். ஒருத்திக்கு ஐந்து முறை போதும். அவள் தோழிக்கு இருபது முறையும் வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரே மணிக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னே பேருந்தில் சிக்கி, காலைப் பாடத்தின் பாதியை இழக்கும் மாணவியும் உண்டு. ஆதலின், செய்முறைப் படங்களை அவள் வீட்டிலிருந்தே பார்க்கவும், பயிற்சிக்கூடத்துப் பொம்மையின்மீது மாலையிலும் பழகவும் வழி வேண்டும். கை தேர்ந்த பின்னரே அவளை வார்டுக்கு அனுப்புதல் முறை.

இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இத்திறமை ஒருமுறை கற்றபின் பழகாது விட்டால் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். ஆண்டுக்கொரு முழுநாள் வகுப்பைவிட, அவ்வப்போது பத்து நிமிடம் பழகுவதே பயன் தரும். மேலும், சில துன்பங்கள் கால அட்டவணை பார்த்து வருவதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது; மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். கண்ணை நீரால் கழுவி, பிராணவாயு கொடுத்து, மூச்சைக் காக்கும் செயல்களை அத்தகைய இரவிலா முதன்முறை கற்பது?

பொம்மை முனகுவதில்லை என்பர் சிலர். உண்மையே. வேலைக்கு எப்பொழுது திரும்பலாம், நாட்கூலி போகிறதே என்று அது கேட்பதுமில்லை. அக்கேள்விக்கு விடை கூறும் பக்குவம் படுக்கையருகே நின்றால்தான் வரும். 2020-இல் பெருந்தொற்றினால் வகுப்புகள் கைப்பேசிக்குள் ஒடுங்கியபோது இக்குறை நன்கு விளங்கிற்று. நேரத்தையும் வேகத்தையும் நெகிழ்த்தலாம். தேர்ச்சியின் அளவை நெகிழ்த்தலாகாது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பட்டப்படிப்புப் பாடத்திட்டம், பயிற்சிக்கூடத்திற்கெனத் தனி நேரம் ஒதுக்கியுள்ளது, நற்செயலே. ஆனால் மாலையில் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. பிழையாகப் பழகிய கையைத் திருத்துதல் புதிதாகப் பழக்குவதினும் அரிது. ஆகவே ஆசிரியை ஒருவர் உடன் நின்று காட்டவேண்டும். அம்மாலைப் பணிக்கு அவருக்குத் தனி ஊதியமும் ஒதுக்கவேண்டும்.