பொற்காசுக்கு ஒரு நீதி, பானையோட்டுக்கு ஒரு நீதி

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில், திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் அகிலாண்டேஸ்வரி ஆலயத்துக்குள் ஆட்கள் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, சுமார் ஏழடி ஆழத்தில் ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. அதனுள் 505 பொற்காசுகள், எடை 1.716 கிலோ. காசுகள் எண்ணப்பட்டன, நிறுக்கப்பட்டன, சர்க்கார் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டன. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் பல நாட்களுக்கு வேறு பேச்சில்லை.

பொன்னுக்குக் கிடைத்த இந்த மரியாதையைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆயினும், அதே ஏழடி மண்ணில் காசுகளுக்குப் பதிலாகக் கறுப்பும் சிவப்புமான ஓடுகளும், ஒரு பிடி சாம்பலும், உடைந்த சங்கு வளையல் துண்டுகளும் கிடந்திருந்தால், அவை டிப்பர் லாரியில் ஏறி எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நமது சட்டத்தின் மனோபாவமும் ஏறத்தாழ இதுவே. பூமியில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். பானையோட்டுக்குப் பத்துப் பைசாகூடப் பெறுமானம் இல்லையே!

ஆனால் சரித்திரத்தின் தராசில் அந்த ஓட்டுக்கு என்ன எடை என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரியின் தென்கரையிலுள்ள உறையூருக்குப் போனால் போதும். முற்காலச் சோழரின் ராஜதானியாகிய அவ்வூரில், 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு நடத்தினார்கள். கறுப்பு-சிவப்புப் பாண்டங்களும், பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், ரோமானிய வாணிபத் தொடர்பைக் காட்டும் மட்கலத் துண்டுகளும், செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்றும் அங்கே வெளிப்பட்டன. கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலில் 'அர்காரு' என்று குறிக்கப்படும் ஊர் உறையூரே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவ்வூர் ஆடைகளைப் புகழும் அந்த நூலுக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாயத்தொட்டி சாட்சி சொல்லிற்று. அந்த மண்ணில் பொன் இருந்ததா இல்லையா என்பது இங்கே பொருட்டே அல்ல.

மண்மாரி பெய்து உறையூர் அழிந்தது என்றோர் ஐதிகம் உண்டு. வீடிழந்த ஜனங்களுக்குக் கூரை அமையும் வரையில் தனக்கும் கூரை வேண்டாம் என்று வெக்காளியம்மன் திறந்த வெளியில் வீற்றிருப்பதாக இன்றும் பக்தர்கள் சொல்லுகிறார்கள். ஐதிகத்தைச் சரித்திரமென்று கொள்ள வேண்டியதில்லை. எனினும், மண் மூடியதெல்லாம் பத்திரமாக இருந்தது என்பதும், இப்போது அதைக் கிளறுவது இயந்திரம் என்பதும் உண்மை. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் அடுக்குமாடி அஸ்திவாரத்துக்குமாகத் திருச்சிராப்பள்ளி ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மூலையில் தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குடியிருப்பு ஒன்றில் பொக்லைன் கீறிவிட்டுப்போன குழியின் பக்கச்சுவரைக் குனிந்து பார்த்தால், மேலே தாரும் ஜல்லியும், அதன்கீழ் செங்கல் நொறுங்கல், அதற்கும் கீழே விரற்கடை கனத்தில் ஒரு சாம்பல் வரி, அந்த வரியிலிருந்து பல்லைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓடுகள் என்று காலம் அடுக்கடுக்காகத் தெரியும். மறுநாள் காலையில் குழாய் இறங்கும். மாலைக்குள் மண் மூடப்படும். மூடிய மண்ணில் அடுக்கு ஏது? ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் பிரமாணம். அது கலைந்தபின் அந்த ஓடு வெறும் ஓடுதான்.

தோண்டுவதே பாவம் என்று சொல்லுபவன் அல்லேன் நான். ஸ்ரீரங்கம் கோயிலில் 2015-ஆம் வருஷத்துக் கும்பாபிஷேகத்துக்கு முந்திய திருப்பணியில், காலப்போக்கில் சேர்ந்துவிட்ட மண்ணும் பிற்காலத்துத் தளவரிசைகளும் அகற்றப்பட்டு, பழைய மழைநீர் வடிகால் முறை மீட்கப்பட்டது. 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அத்திருப்பணிக்குக் கிடைத்தது. சிரத்தையோடு மண்ணை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு ஊருக்குள்ளேயே அத்தாட்சி இருக்கிறது.

பூமியின் ஆயுளைக் கணக்கிட்டால் மனிதன் செய்த பானையெல்லாம் நேற்றையது. 1995 வரையில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்திருந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் ஒருகாலத்தில் கடல். உலகத்துப் புவியியல் நூல்களில் கிரெட்டேஷியஸ் காலத்துப் பாறைத் தொகுதியொன்றுக்குத் 'திருச்சினாப்பள்ளி' என்றே பெயர். புவியியலாளர்களான பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இப்பகுதிப் பாறைகளையும் தொல்லுயிர் எச்சங்களையும் வகைப்படுத்திப் பிரசுரித்தார்கள். இப்பகுதியைச் சேர்ந்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-இல் புவியியல் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார், அது வேலியிடப்பட்டு, தேசியச் சின்னமாகக் காக்கப்படுகிறது. அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மிகப் பெரிய ஊர்வன ஒன்றின் எலும்புகள் என்று 1980-களில் விவரிக்கப்பட்டு, 'பிருகத்காயோசாரஸ்' என்று சமஸ்கிருதமும் கிரேக்கமும் கலந்து பெயரிடப்பட்ட அவை, ஈரம் பட்டு உதிர்ந்துபோய், இன்று வரைபடங்களாகவும் நிழற்படங்களாகவும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அந்தச் சேதத்துக்குச் சுரங்கம் காரணமல்ல. நிபுணர்கள் கண்ணெதிரே இருந்த எலும்புக்கே அந்தக் கதியானால், சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இயந்திரத்தின் வாயில் அகப்படும் நத்தைக்கும் அம்மோனைட்டுக்கும் என்ன கதி என்று ஊகித்துக்கொள்ளலாம். புராதனச் சின்னங்களுக்கு 1958-ஆம் வருஷத்து மத்தியச் சட்டமும் 1966-ஆம் வருஷத்து மாகாணச் சட்டமும் இருக்கின்றன; கல்லாகிய உயிர்களுக்கென்று தனிச் சட்டம் ஏதும் இல்லை. 2022-இல் ஒரு வரைவு வெளியாயிற்று, அவ்வளவே.

உள்ள சட்டங்களும், அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று கோடு கிழிக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்து நிற்பதற்குக் கோடு கிழிக்கலாம், தெரியாமல் கிடப்பதற்கு? மேலும், மலைக்கோட்டையைச் சுற்றிய தெருவில் ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க அனுமதிக்காக அலையும் குடும்பஸ்தன், தன் கொல்லையில் ஒரு கல்வெட்டு தட்டுப்பட்டால் எவரிடமும் வாய்திறப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. உண்மை சொல்பவனைத் தண்டிக்கும் ஏற்பாட்டில் உண்மை வெளிவராது.

ஒப்பந்தங்களில் இதற்கு விதியே இல்லை என்பதும் சரியல்ல. உலகெங்கும் பொறியாளர்கள் கையாளும் ஃபிடிக் ஒப்பந்தத்தில், வேலைத்தளத்தில் கிடைக்கும் தொல்லுயிர் எச்சம், நாணயம், பழம்பொருள் ஆகியவற்றைப் பற்றித் தனி ஷரத்து உண்டு. கண்டுபிடிப்பினால் வேலை தாமதித்தால் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் காலமும் செலவுத் தொகையும் உண்டு என்கிறது அது. ஆனால் ஷரத்து டெண்டர்க் காகிதத்தில் கிடக்கிறது. மண்ணைக் காண்பவர் பொக்லைன் ஓட்டுபவர். அவருக்கு மணிக்கணக்கில் கூலி. மேஸ்திரிக்கு நாட்கணக்கில் நெருக்கடி. இருவரில் எவரும் பானையோட்டுக்காக இயந்திரத்தை நிறுத்தினால் நஷ்டம் அவருக்கே. அவர்களை அஞ்ஞானிகள் என்று ஏசுவது நியாயமல்ல.

சாக்கடை இல்லாத தெருவில் குடியிருப்பவனிடம் சோழன் பெருமை பேசுவதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. கிரேக்க நாட்டின் தெஸ்ஸலோனிகி நகரத்து மெட்ரோ, 2006-இல் தொடங்கி 2024 நவம்பரில்தான் ஓடிற்று. பொருளாதார நெருக்கடியோடும் வழக்குகளோடும், பூமிக்கடியில் வெளிப்பட்ட பழைய நகரமும் அத்தாமதத்தில் பங்கு கொண்டது. அங்கும் மண்ணைப் பற்றிய விசாரணை முன்கூட்டியே போதிய அளவில் நடந்திருந்தால் தாமதம் குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பிரான்ஸ் தேசத்தில் 2001-ஆம் வருஷத்துச் சட்டம், கட்டுபவரிடமிருந்தே கட்டணம் பெற்று, அஸ்திவாரம் தோண்டுமுன் ஆய்வாளரை இறக்குகிறது. நம் சென்னை உயர்நீதிமன்றமும் 2021 ஜூன் மாதம் பாரம்பரியப் பாதுகாப்புக்காக 75 கட்டளைகள் பிறப்பித்தது. கட்டளைகளுக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை.

ஆகவே மாநகராட்சியாரிடம் என் விண்ணப்பம் சிறியது. உறையூர், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கோட்டைப் பகுதி ஆகிய இடங்களில் குழி வெட்டும் ஒவ்வொரு வேலையின் எஸ்டிமேட்டிலும், தொல்லியல் அறிந்த ஒருவரின் சம்பளத்தையும், கண்டுபிடிப்பினால் நின்ற நாட்களுக்கு ஒப்பந்தக்காரருக்கும் கூலியாளுக்கும் கொடுக்க வேண்டிய தொகையையும் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். திறந்த குழியை மூடுவதற்குமுன் அதன் பக்கச்சுவரைப் படமெடுத்து அளந்து பதிவு செய்ய, பெரும்பாலும் அரைநாள் போதும். சரித்திரமும் புவியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் இவ்வூரில் இருக்கின்றன. மாணவர்களை அனுப்பச் சொல்லிக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். அடுத்த டெண்டர் விளம்பரத்திலேயே இதைத் தொடங்கலாம்; புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.