உள்ளே ஓடினால் போதுமா?

இ-சேவை மையத்தில் "சர்வர் இல்லீங்க" என்பார்கள். அலுவலகத்தைக் கேட்டால் "எங்களுக்கு ஓடுதே" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து அரூர் வந்த பெரியவருக்குத்தான் ஒரு நாள் போச்சு.

இது எப்படி என்று சொல்கிறேன். லினக்ஸ் கணினியில் 'யூனிக்ஸ் சாக்கெட்' என்று ஒன்று உண்டு. ஒரே கணினிக்குள் இருக்கும் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி அது. பார்க்க ஒரு ஃபைல் பெயர் போல இருக்கும். போர்ட் எண் கிடையாது. நெட்வொர்க் பக்கமே போகாது. நம் அலுவலகத்தில் 'அ' செக்‌ஷன் ஃபைலை அடுத்த மேஜைக்குக் கையில் கொடுப்பது மாதிரி. தபால்காரருக்கு அங்கே வேலையில்லை.

இணைய விண்ணப்பம் ஒன்றை இந்த வழியிலேயே அனுப்பிச் சோதிக்கலாம். 'கர்ல்' என்ற இலவச மென்பொருளில் 2015 முதல் இதற்கு வசதி இருக்கிறது. நல்ல சோதனைதான். சாக்கெட்டில் பதில் வந்து, வெளியிலிருந்து கேட்டால் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நடுவழியில்: முகவரி தேடும் டிஎன்எஸ், பாதுகாப்புச் சான்றிதழ், ஃபயர்வால், இல்லையென்றால் மலையில் வந்து வந்து போகும் சிக்னல். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டு 'சோதித்தாயிற்று' என்று கையெழுத்துப் போடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அந்த நடுவழி எதையுமே இந்தச் சோதனை தொடவில்லையே!

தேர்தல் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு முதல் நிலைச் சரிபார்ப்பு மாவட்ட அளவிலேயே முடிந்துவிடும். ஆனாலும் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் போன இயந்திரமானாலும், ஓட்டுப்பதிவு நாள் காலை, ஏஜெண்டுகள் கண்ணெதிரே, குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டுப் பார்த்து, அதை அழித்த பிறகுதான் முதல் வாக்காளரை விடுவார்கள்.

நான் படித்த பிரெஞ்சில் கவுண்ட்டருக்கு 'கிஷே' என்று பெயர். சின்ன ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். புதிய சேவை எதுவானாலும் திறப்பு விழாவுக்கு முன்னால் ஒருவர் சித்தேரிக்குப் போய், சாதாரண செல்போனில் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாள் பஸ் செலவுதான் ஆகும். அந்தச் செலவு அரசுடையதாக இருக்கட்டும், பெரியவருடையதாக வேண்டாம்.