சம்பளத்துக்குமா தடைக்காலம்?

எங்கள் ராமேஸ்வரத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆளுக்குப் பங்கும் கிடையாது. அது படகேறும்போதே தெரிந்த ஏற்பாடு.

சென்னையின் எஃப்.சி. கால்பந்து வீரர்கள் கையெழுத்துப் போட்டதோ மாதச் சம்பளத்துக்கு. சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று 2025 ஜூலையில் போட்டியை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது, சென்னையும் அப்படியே. மேலே உள்ளவர்கள் பேசி முடிக்காததற்குப் பையன்கள் என்ன செய்வார்கள்?

வீரர் பாதியில் ஓடினால் தடை, நஷ்டஈடு. சம்பளம் இரண்டு மாதம் பாக்கியானால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்கிறது ஃபிஃபா விதி. போட்டியே இல்லாதபோது விலகி எங்கே போவது? பாக்கிச் சம்பளத்துக்காக எம்பாப்பே பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் போய் 2025 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினார். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கம், அந்த ஊர்ச் செய்தியை விடுவதில்லை.) அவருக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு.

ஒப்பந்தம் போடும் அன்றே ஆறு மாதச் சம்பளத்துக்கு அணியிடம் வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும். ரோடு போடும் கான்ட்ராக்டரிடமே டெபாசிட் வாங்காமல் நாங்கள் வேலை உத்தரவு கொடுத்ததில்லை.