கடைசி வீட்டுக்கும் ஒரு தட்டு

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. தெரு முழுவதும் எண்ணெய் வாசனை. ஒரு வீட்டில் தேன்குழல் பிழிகிறார்கள். அடுத்த வீட்டில் லாடு பிடிக்கிறார்கள். பையன்கள் திண்ணையில் உட்கார்ந்து பட்டாசைப் பங்கு பிரித்துச் சண்டை போடுகிறார்கள். தையற்கடை வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை.

தெருவின் கடைசி வீடு மட்டும் இருட்டாக இருக்கிறது.

அங்கே இருப்பவர் யார் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். மனைவியைப் பறிகொடுத்த பெரியவராக இருக்கலாம். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் இருக்க, டெலிபோனைப் பார்த்தபடி காத்திருக்கும் தாயாராக இருக்கலாம். கணவனை விட்டுப் பிரிந்து வந்த பெண்ணாக இருக்கலாம். வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லாத வாலிபனாகவும் இருக்கலாம். இப்படி ஒரு வீடு இல்லாத தெரு தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான்!

மற்ற நாட்களில் அந்த வீட்டுத் துக்கம் அத்தனை வெளியே தெரியாது. பால் வாங்குகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பொழுது கழிந்துவிடுகிறது. பண்டிகை வந்தால்தான் தொல்லை. தலையில் எண்ணெய் வைக்க ஒரு கை வேண்டும். புது வேட்டியில் மஞ்சள் தடவிக் கொடுக்க ஒருவர் வேண்டும். விழுந்து கும்பிட ஒருவர் வேண்டும். பண்டிகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர் போய்விட்டால், அந்த இடம் காலியாக நின்று கண்ணை உறுத்துகிறது.

பணக் கவலை வேறு. போனஸ் வந்தவன் வீட்டில் மத்தாப்பு. வராதவன் வீட்டில் வாக்குவாதம். தீபாவளிச் சீட்டுக் கட்டியவன் தப்பினான். கட்டாதவன் வட்டிக்கு வாங்குகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வரும்போது, தன் பிள்ளை கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத தகப்பன் அன்று படும் பாடு கொஞ்சமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மராட்டிய மாநிலத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு! இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் அன்றாடக் கூலிக்காரர்கள். நூற்றுக்குச் சுமார் 32 பேருக்குக் காரணம் குடும்பப் பிரச்சினை என்று அதே கணக்கு சொல்லுகிறது. "குடும்பப் பிரச்சினை" என்ற இரண்டு சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறதோ!

பண்டிகையன்றா ஆபத்து?

பண்டிகை நாளில்தான் மனம் உடைந்து அதிகம் பேர் சாகிறார்கள் என்று ஓர் எண்ணம் உலகம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் பத்திரிகைகளே இப்படி எழுதிவிடுவது உண்டு. அது தப்பு. அமெரிக்கக் கணக்கைப் பார்த்தால் டிசம்பரில்தான் தற்கொலை குறைவு. 2024-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் 26 நாடுகளின் கணக்கு வெளிவந்தது. கிழமைகளில் திங்கட்கிழமையன்று அதிகம். புத்தாண்டு நாளிலும் எண்ணிக்கை ஏறுகிறது என்று அதில் தெரிந்தது.

இது யோசிக்க வேண்டிய விஷயம். கூட்டம் இருக்கும்வரை மனிதன் எப்படியோ தாங்கிக்கொள்கிறான் போலும். விருந்து முடிந்து, வந்தவர்கள் பஸ் ஏறி, வீடு அமைதியான பிறகு என்ன ஆகிறது? பட்டாசுக் குப்பையைக் கூட்டித் தள்ளிய மறுநாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பண்டிகையன்று நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஒருவர் போய்ப் பார்ப்பது அதைவிட அவசியம்.

தவிர, ஒருவர் உயிரை விட்டால்தான் அவருக்குத் துக்கம் இருந்தது என்று அர்த்தமா? சாகாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பல மடங்கு பேர். அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஒரு கோப்பைத் தேநீர்

லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1935-ல் அவர் இளைஞராக இருந்தபோது 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் சவ அடக்கத்தை நடத்தினார். அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டவள். காரணம் என்ன தெரியுமா? அவள் பருவமடைந்திருந்தாள். அதைக் கெட்ட நோய் என்று நினைத்துப் பயந்துவிட்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை!

அந்தச் சாவு பாதிரியார் மனத்தில் தைத்துக்கொண்டது. 1953 நவம்பர் 2-ந் தேதி, லண்டன் நகரில் தம் மாதாகோவிலில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சாக நினைப்பவர்கள் எனக்குப் போன் செய்யலாம்" என்று அறிவித்தார். போன் வந்தது. ஆட்களும் நேரில் வந்தார்கள். கூட்டம் சேர்ந்தது.

காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில சாதாரண மனிதர்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. படித்த நிபுணர்களும் அல்ல. தேநீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் ஆச்சரியம் நடந்தது. வந்தவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலே மனம் ஆறித் திரும்பிப் போனார்கள்! பாதிரியார் புத்திசாலி. சில மாதங்களில், 1954-ல், அந்த வேலையையே தொண்டர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் சங்கம் பிறந்தது அப்படித்தான்.

சென்னையில் அதே வழியில் 1986-ல் "சினேகா" தோன்றியது. அதைத் தொடங்கியவர் மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார். அங்கேயும் பேச்சைக் கேட்பவர்கள் தொண்டர்களே.

பாட்டிமார் பெஞ்சு

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். டிக்சன் சிபாண்டா என்பவர் அவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் 2005-ல் தூக்குப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர அவள் தாயாரிடம் பஸ்ஸுக்குப் பணம் இல்லை. பதினைந்து டாலர்தான்! அது இல்லாமல் ஓர் உயிர் போயிற்று.

டாக்டர் யோசித்தார். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால், ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டுப் பக்கம் போக வேண்டும். ஆனால் போவதற்கு டாக்டர் எங்கே? கடைசியில் அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார்! தலைநகரான ஹராரேயில் ஏழைகள் வாழும் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் ஒரு மர பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்.

டாக்டர் அதற்கு "மனநல பெஞ்சு" என்று பெயர் வைத்தார். பாட்டிமார் சிரித்திருப்பார்கள். "அந்தப் பெயர் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள்; தோழமை பெஞ்சு என்று வையுங்கள்" என்றார்கள். டாக்டரும் கேட்டுக்கொண்டார். ஊர் மொழியில் மனச்சோர்வுக்கு "அதிகமாக யோசிப்பது" என்று ஒரு சொல் உண்டாம். பாட்டிமார் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள்; முடிவு 2016-ல் வெளிவந்தது. ஹராரேயில் 24 வைத்திய நிலையங்கள்; 573 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்தும் பாதிப் பேருக்கு மனச்சோர்வு தீரவில்லை. பாட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் தீரவில்லை!

தமிழ்நாட்டுப் பாட்டிமாருக்கு இது புதிதா? திண்ணை என்று ஒன்று வைத்துத்தானே வீடு கட்டினார்கள்! இப்பொழுது திண்ணை போய் இரும்புக் கதவு வந்துவிட்டது. அடுக்கு மாடி வீட்டில் எதிர்க் கதவில் இருப்பவர் பெயரே தெரிவதில்லை. பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச ஆள் இல்லை என்பதுதான் வேடிக்கை.

"கீழ்ப்பாக்கம்"

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மனம் நொந்தவனைக் கண்டால் கேலி செய்யும் புத்தி நம் ஊரில் இருக்கிறது. சென்னையில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டரான சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் ஸ்கார்ப் என்ற நிலையத்தைத் தொடங்கி, நோய் தணிந்தவர்கள் வேலை செய்து பிழைக்க வழி தேடினார். 2021-ல் காலமாகும்வரை அதே சிந்தனை. அப்படிப்பட்டவர் உழைத்த இடத்தின் பெயர், தெருவில் வசைச் சொல்லாகப் புழங்குகிறது!

கேலிக்குப் பயந்துதான் வீட்டில் மறைக்கிறார்கள். தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால், மனநோய் உள்ள தம்பியைப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். வெளியே வெடிச் சத்தம். உள்ளே அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மறைப்பதும் ஒதுக்குவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை, தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. அந்த வீட்டிலும் தீபாவளி வந்திருக்கும்.

எதைக் கேட்பது?

கடைசி வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு தயக்கம் இருக்கும். போய் என்ன பேசுவது?

எதைப் பேசக்கூடாது என்பது முதலில் தெரிந்தால் போதும். "தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரவில்லையா?" "விசேஷம் ஏதும் உண்டா?" "பையனுக்கு வேலை கிடைத்ததா?" இந்த மூன்று கேள்விகளும் பண்டிகை நாளில் ஊர் முழுவதும் சுற்றுகின்றன. கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். கேட்கப்பட்டவர் அன்று இரவு தூங்குவதில்லை. "எல்லாம் தலையெழுத்து, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்ற உபதேசமும் வேண்டியதில்லை. தேற்றிக்கொள்ளத் தெரிந்தால் அவர் ஏன் இருட்டில் இருக்கிறார்?

"கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று விடிந்ததும் வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் வழக்கம் உண்டு. நல்ல கேள்வி. யாருக்கும் வலிக்காது. பதில் சொல்லவும் சுலபம். வாசலில் ஆள் வந்து நிற்கிறார் என்பதுதான் அதில் முக்கியம். பிறகு உட்கார்ந்து, அவர் பேசினால் கேட்பது. பேசாவிட்டால் சும்மா இருப்பது. போனவரைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் பேச்சை மாற்றக்கூடாது. "அவர் அதிரசம் என்றால் உயிரை விடுவார்" என்று அந்த அம்மாள் சொல்லி அழுதால் அழட்டும்.

"இனி இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னால், அதை மட்டும் லேசாக விடக்கூடாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுகிறது. கேட்டபின் அவரைத் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை 2022 முதல் நடக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

துக்க வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அதனாலேயே அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அந்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தீபாவளி இல்லை என்று ஆகிவிடக்கூடாது என்ற நினைப்புத்தான். இப்பொழுது "அவர்களுக்குப் பண்டிகை இல்லையே" என்று சொல்லி, போவதையே நிறுத்திவிடுகிறார்கள். கடைப் பெட்டி இனிப்பு வந்த பிறகு தட்டும் போய்விட்டது.

தட்டில் ஒரு வசதி உண்டு. பெட்டி போனால் போனதுதான். தட்டு திரும்பி வர வேண்டும். வெறுந்தட்டாகக் கொடுக்கவும் மாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரையோ இரண்டு வெற்றிலையோ வைத்துத்தான் கொடுப்பார்கள். தீபாவளிக்கு மூன்றாம் நாள் ஆகியும் கடைசி வீட்டிலிருந்து தட்டு வரவில்லை என்றால், தட்டைக் கேட்கும் சாக்கில் யாராவது போய்க் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.