ஸ்கின்னைக் கழற்றிப் பாருங்கள்

"மாமா, டிரம் செட் வாங்கப் போறேன். நீங்களும் கடைக்கு வரணும்."

போன மாதம் அக்காள் மகன் கிள்ளானிலிருந்து கூப்பிட்டான். இரண்டு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த 6,000 வெள்ளி. கல்யாண விருந்து, கோயில் திருவிழா என்று வாரக் கடைசியில் வாசிக்கிற பையன். இதுவரை எல்லாம் வாடகை செட்தான்.

கடைக்குள் நுழைந்ததும் சிவப்பு ஜிகினா செட் ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வயதில் நானும் போனஸ் பணத்தில் நீல மினுமினுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவன். மூன்றாம் வருடமே மேலே ஒட்டியிருந்த தாள் ஓரத்தில் கிளம்பிவிட்டது. வேனில் வெயிலில் போட்டு வைத்தது என் தப்பு. ஆனால் ஒரு டாம் மட்டும் எப்படி முறுக்கினாலும் சுதி நிற்கவில்லையே, அது என் தப்பு இல்லை. ஸ்கின்னைக் கழற்றிய பிறகுதான் ஷெல்லின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது தெரிந்தது.

அதனால், "முதல்ல ஸ்கின்னைக் கழற்றச் சொல்லுடா" என்றேன். கடைக்காரருக்கு முகம் மாறியது, ஆனாலும் கழற்றினார். ஷெல்லைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச் அடித்து, விளிம்பைச் சுற்றிப் பார்த்தோம். வெளிச்சம் எங்காவது கசிந்தால் அந்த இடம் சமமில்லை என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை.

அப்புறம் மரம். ஷெல் என்பது மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைத்தது. மேப்பிள் என்றால் கீழ் ஒலியும் மேல் ஒலியும் ஒரே சீராக, இதமாக வரும். பர்ச் அப்படியில்லை. அடி 'டக்'கென்று தெறிக்கும், நடு ஒலி கொஞ்சம் அடங்கியிருக்கும். ஒலிப்பதிவுக்கு அது தோது. யமஹா தன் பர்ச் செட்டுக்கு 'ரெக்கார்டிங் கஸ்டம்' என்றே பெயர் வைத்தது. மகோகனியில் கீழ் ஒலி கனமாக இருக்கும். பாப்லர் மலிவு, அதற்காக மட்டம் என்று தள்ள வேண்டாம்.

நம் பையன் வாசிப்பது கூடாரத்தில். பக்கத்தில் தபேலா, டோலக், கீபோர்டு. அந்தக் கூட்டத்தில் அடி தனியாகக் கேட்க வேண்டும் என்றால் என் ஓட்டு பர்ச்சுக்கே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நல்ல ஸ்கின் போட்டு ஒழுங்காகச் சுதி சேர்த்த பாப்லர், பழைய ஸ்கின் போட்ட மேப்பிளை அடித்துவிடும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஃபினிஷ் விஷயத்தில் அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். லேக்கர் பூசினால் மரத்தின் ரேகை தெரியும், அழகுதான். ஆனால் வேனில் ஏற்றி இறக்கும்போது விழுகிற ஒவ்வொரு கீறலும் கண்ணைக் குத்தும். விலையும் கூடுதல். ஒட்டுத்தாள் அடி தாங்கும். ஓரம் முழுக்க ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் நகத்தால் நெருடிப் பார்க்க வேண்டும்.

"ரிங்கோ ஸ்டார்கூட கலரைப் பார்த்துத்தானே மாமா லட்விக் எடுத்தாரு?" என்றான். 1963-இல் லண்டன் கடையில் அந்தக் கறுப்பு முத்துச்சிப்பி ஃபினிஷில் அவர் மயங்கியது உண்மைதான். பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் சிம்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கறுப்பு ஒட்டுத்தாள் போட்ட பர்ச் செட். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கின்னும் பைகளும் வாங்க வைத்தேன்.

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் அவன் வாசித்ததைக் கேட்டேன். டோலக்கை மீறி ஒவ்வொரு அடியும் தெளிவாக விழுந்தது. பேஸ் டிரம்மின் முன் ஸ்கின்னில் அவன் பெயர், சிவப்பு ஜிகினாவில், ஒரு முழ உயரத்துக்கு.