தென்காசியில் எதைக் காட்டுவது, எதை விட்டுவைப்பது?

ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கிச் சாரல் தூவத் தொடங்கியதும் குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று இந்த மூன்று இடங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது மொத்தக் கூட்டமும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீசார் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அதன் பிறகு ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ரோட்டோரம் காத்துக்கிடப்பதுதான் வேலை. இந்தத் தடையைக் குறைசொல்ல மாட்டேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றதை நாம் மறந்துவிட முடியாது.

என் ஆதங்கம் வேறு. காத்திருக்கும் அந்தக் கூட்டத்துக்கு, நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் சித்திர சபையைக் காட்ட ஆளில்லை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. மற்ற சபைகளில் அவருக்குத் திருமேனி உண்டு. இங்கே அவர் சுவரில் தீட்டிய ஓவியமாகவே ஆடுகிறார், பூசையும் அந்த ஓவியத்துக்குத்தான். உள்ளே நான்கு பக்கமும் புராணக் காட்சிகள். நின்று பார்த்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அருவிக்கு ஆண்டுதோறும் வருகிறவர்களில் பலர் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அருவிக் கூட்டம் அலுத்தவர்களுக்குச் செல்போனில் வேறொரு வழி காட்டப்படுகிறது. 'யாருக்கும் தெரியாத அருவி' என்று வீடியோ போடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி நிறுத்த இடமிருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சில தனியார் விடுதிகள் ஓடைகளின் போக்கையே திருப்பிச் செயற்கை அருவிகளை உண்டாக்கிய விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓடையைத் திருப்பினால் கீழே வயலுக்கும் குளத்துக்கும் போகவேண்டிய தண்ணீர் என்னாகும்? காட்டாற்றில் வெள்ளம் வந்தால் விசில் அடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இந்த மலைத்தொடரைக் காக்கத்தான் 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருக்கும் தண்ணீரைச் சுற்றுலா வரைபடத்தில் ஏற்றவே கூடாது.

ஏற்றவேண்டியவை சமவெளியில் இருக்கின்றன. கடையநல்லூரை அடுத்த திருமலாபுரத்தில் முற்காலப் பாண்டியர் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. தாமரையும் அன்னமும் ஆடும் பூதகணங்களுமாக ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஓவியத்தின் மிச்சங்கள் பாறையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சித்தன்னவாசல் அறிந்தவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியிலும் ஒரு குகைக்கோயில். புலித்தேவரின் நெற்கட்டும்செவல், பாரதி சிறையிலிருந்து வெளிவந்து 1920 வரை மனைவி செல்லம்மாளின் ஊரில் வாழ்ந்த கடையம், வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டை ஆகிய மூன்றும் இதே மாவட்டம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் போகும் ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதையாகி 2018 முதல் முழுமையாக ஓடும் அந்த வழியில் பகல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதே ஒரு நல்ல பயணம்.

ஆனால் சமவெளி என்பதற்காகக் கணக்கில்லாமல் ஆட்களை அனுப்பிவிடவும் கூடாது. 'ரோஜா' படப்பிடிப்பு நடந்த சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களில் கேரளத்திலிருந்தும் கார்கள் வரிசைகட்டுகின்றன. போட்டோவுக்காகச் செடிக்குள் இறங்கினால் மிதிபடுவது விவசாயியின் விளைச்சல். வரப்போடு நிற்கக் கயிறு கட்டி, ஒரு கட்டணம் வைத்து, அது நிலத்துக்காரருக்கே போய்ச் சேர ஊராட்சி ஏற்பாடு செய்யலாம்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. பழைய நெல்லை மாவட்டத்தின் ஓரத்து ஊராக இருந்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் வியாபாரிகள் இன்னும் சாரலையே நம்பியிருக்கிறார்கள்; மழை பொய்த்தால் மாம்பழக் கடை முதல் லாட்ஜ் வரை முடங்குகிறது. கோயிலுக்கும் குகைக்கும் சீசன் கிடையாது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வாங்க வேண்டியதாகிவிட்டது. குற்றாலத்துக்கும் அந்த நிலை வருமுன் மாவட்ட நிர்வாகம் செய்யவேண்டியது பெரிய செலவில்லாத காரியம்: தென்காசியிலிருந்து இந்த ஊர்களைச் சுற்றிவர ஒரு பேருந்து, உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி, திருமலாபுரம் போன்ற இடங்களில் குடிநீரும் கழிப்பறையும்.

அடுத்த சாரலுக்கு வருகிறவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். அருவியில் தடை போட்டால் சித்திர சபைக்குப் போங்கள், மறுநாள் திருமலாபுரம் பாருங்கள். காட்டுக்குள் ஏதாவது ஓடையைக் கண்டால் அதன் பெயரையும் வழியையும் இணையத்தில் போடாதீர்கள்.